வேண்டாத நன்றியுரை

"பொன்னாடை, மாலை, நன்றியுரை ஒண்டும் வேணாம். அர்த்தமில்லாத வேலைக்கெல்லாம் எனக்கு நேரமில்ல" என்று அதிகாரி போனிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தன்னாமுனை மீனவர் சங்கச் செயலாளர் தனுஷா மூன்றையும் வெட்டிவிட்டாள். வாவிக்கரையில் இறங்குதுறை கட்ட அவருடைய கையெழுத்து வேண்டும். அவர் சொல்லியிருந்தால் ஆண்டு விழாவையே வெட்டியிருப்பாள்.

"வெறும் வார்த்தைகளால் என்ன பயன்?" என்று மேடையில் அதிகாரி முக்கால் மணி நேரம் கேட்டார். பேசி முடித்து உட்கார்ந்தவர், கும்பிட்டு விடைபெற எழப் பார்த்து, மறுபடி உட்கார்ந்துகொண்டார். பக்கத்திலிருந்த சங்கத் தலைவர் உதயரூபனின் காதில் ஏதோ சொன்னார்.

தலைவர் பொருளாளரைக் கூப்பிட்டு எங்கோ அனுப்பிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"நன்றி சொல்லாமப் போனா மரியாதையில்ல."

தனுஷா மேடைக்கு விரைந்தாள்.

அவர் அதிகாரிக்கு நன்றி சொன்னார். பந்தல்காரருக்குச் சொன்னார். பெய்யாமல் இருந்த மழைக்குச் சொன்னார். பிறகு வாவிக்குள் இறங்கி, இறாலுக்கும் நண்டுக்கும் தனித்தனியாகச் சொல்லத் தொடங்கினார்.

தனுஷா அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். "போதும் அண்ணன்."

"பொறு புள்ள, மீனுக்கு இன்னும் சொல்லல்ல."

அவள் அதிகாரியிடம் ஓடினாள். "மன்னிச்சுக்கொள்ளுங்க சேர், இப்ப முடிஞ்சிரும்."

"பரவாயில்ல, கதைக்கட்டும்" என்றார் அவர், முகத்தை இறுக்கிக்கொண்டு.

இந்த மாதிரி ஆட்கள் கோபத்தைக்கூட மரியாதையாகத்தான் காட்டுவார்கள் என்று தனுஷா நினைத்துக்கொண்டாள்.

ஏறாவூரிலிருந்து பொருளாளரின் மோட்டார்சைக்கிள் வந்து நின்ற பிறகுதான் தலைவர் ஓய்ந்தார். வந்தது பொன்னாடை. அதையும் கொண்டுபோய் அதிகாரிக்குப் போர்த்தினார். தனுஷா கண்ணை மூடிக்கொண்டாள்.

அதிகாரி அதைத் தோளிலிருந்து எடுத்து, சாமி கும்பிடப் போகிறவர்போல இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"எவ்வளவு பணிவான மனுசன்" என்று சனம் கைதட்டியது. அவர் அவசரமாகக் காரில் ஏறிப் போய்விட்டார்.

தனுஷா தலைவரைப் பிடித்துக்கொண்டாள்.

"மனுசன் வேணாமெண்டு சொன்னதையெல்லாம் செய்து போட்டீங்களே. இனி இறங்குதுறை வந்த மாதிரித்தான். நீங்க கதைச்சதில ஒரு சொல்லுக்காவது அர்த்தமிருந்ததா அண்ணன்?"

"இல்லத்தான் புள்ள."

"இறாலுக்கு எதுக்கு நன்றி?"

"மனுசர் முடிஞ்சு போச்சு. வேற ஆருக்குச் சொல்லுற?"

"அடுத்த வருசம் உங்கட கையில மைக்கே தரமாட்டன்."

"ஓம், சரி" என்றுவிட்டு அவர் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

அதிகாரி உட்காரவென்று தன் வீட்டிலிருந்தே தூக்கி வந்திருந்த மரக்கதிரையை, அந்தக் கோபம் ஆறாமலே தனுஷா இழுத்தாள். அதில் துருத்திக்கொண்டிருந்த ஆணியில், உள்ளங்கை அகலத்துக்கு அவருடைய நீலக் காற்சட்டையின் பின்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.