மயிலம்மாள் வீட்டுத் தறிச் சத்தம்

யுத்தத்தால் நூல் வரத்து நின்று, ஆட்டையாம்பட்டித் தறிகள் முடங்கிக் கிடந்தன. வேலையில்லாத நெசவாளிக்கு மட்டும் சர்க்கார் கஞ்சிச் சீட்டு. சீட்டு வாங்கிய மயிலம்மாள் வீட்டிலோ பகலெல்லாம் தறிச் சத்தம்! தெருவுக்குப் பொறுக்குமா? பக்கத்து வீட்டு ராமாயி இன்ஸ்பெக்டரையே கூட்டி வந்துவிட்டாள்.

"கேளுங்க சாமி, கள்ள நூலு! மொதல்ல சீட்டைக் கிழிங்க."

இன்ஸ்பெக்டர் கதவைத் தள்ளினார். தறியில் ஓர் இழை நூல்கூட இல்லை. வெறும் தறியை மிதித்துக்கொண்டிருந்த மயிலம்மாள் பதறி ஓடி வந்தாள்.

"மெதுவாப் பேசுங்க சாமி! படுத்திருக்கிற எங்க ஊட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாதுங்க. சர்க்கார் கஞ்சின்னா தொடமாட்டாரு. நெசவுக் கூலியில காய்ச்சுனதுன்னு சொல்லித்தான் ஊத்தறேன்."

அவள் மறுபடி தறியில் உட்கார்ந்தாள். அந்தச் சத்தத்துக்குள், கட்டிலில் கிடந்த அவள் புருஷன் சின்னண்ணன் கை நீட்டி இன்ஸ்பெக்டரையும் ராமாயியையும் அழைத்தார்.

"தறி நெய்தே கெழவனானவனுக்கு வெறுந்தறிச் சத்தம் தெரியாதுங்களா? எனக்குத் தெரியும்னு அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க. நான் பட்டினி கெடப்பேன்னு பயந்துதான் மிதிக்கிறா."

வெளியே வந்ததும் தெரு மொய்த்தது. "என்ன ராமாயி, கையும் களவுமாப் புடிச்சாச்சா?"

"அந்தத் தறி நின்னுதான் கெடக்குது," என்றாள் ராமாயி.

உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது.