எதிர் மாடியிலிருந்து ஒரு புகார்

இந்த மாசத்துல ஏழாவது புகார். ஏழும் பதினாலாம் நம்பர் பஸ் டிரைவர் மேல. ஏழையும் எழுதினது ஒரே ஆள், ரிட்டையர்டு வக்கீல் ஒருத்தர்.

பஸ் டிப்போவுல புகார்ப் பிரிவுன்னு ஒரு நாற்காலி இருக்கே, அதுல உக்காந்து பாருங்க. பொறுமை எந்தக் கடையில கிடைக்கும்னு தேட ஆரம்பிச்சுடுவீங்க. நான் ஒன்பது வருஷமா உக்காந்திருக்கேன்.

‘பஸ் மூன்று நிமிடம் தாமதம்’னு ஒண்ணு. சரி, நியாயம். ‘டிரைவர் சட்டையில் மேல் பட்டன் இல்லை’ன்னு இன்னொண்ணு. அதுக்கு நான் என்ன, ஊசி நூலோட பஸ் பின்னாலயே ஓடணுமா?

ஆனா ஒரே மாசத்துல ஏழு வந்தா ரூட்டை மாத்தணும்கிறது ரூல். டிரைவரைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

“நாளையிலேருந்து உங்களுக்கு ஏர்போர்ட் பஸ்.”

அந்த ஏசி பஸ்ஸுக்கு அவனவன் சிபாரிசு பிடிச்சு அலையறான். இவருக்கு முகம் சுண்டிப்போச்சு.

“வேணாம் மேடம். பதினாலே போதும்.”

“அப்படி என்ன இருக்கு அந்த ரூட்டுல?”

மனுஷன் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டார். எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. எந்த ஸ்டாப்புல எந்தப் பொண்ணு ஏறுதோ! கல்யாணமான ஆளு வேற!

“இந்தாங்க, உங்க லட்சணத்தை நீங்களே படிங்க.” புகார்க் கட்டை அவர் முன்னால தள்ளினேன்.

மேல் தாளை எடுத்தவர் கையெழுத்தையே பாத்துக்கிட்டு நின்னார். அப்புறம் மெதுவா வாய்விட்டுப் படிச்சார்.

“‘டிரைவர் மூன்று நாளாகக் கழுத்தில் மப்ளர் சுற்றியிருக்கிறார். உடம்புக்கு முடியாத ஆளை ஏன் ஓட்ட விடுகிறீர்கள்?’”

பொலபொலன்னு அவர் கண்ணுல தண்ணி கொட்டிடுச்சு.

“எங்கப்பா மேடம் இது. பேசிப் பன்னெண்டு வருஷமாச்சு. வக்கீலுக்குப் படிடான்னார், நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சேன். இந்த ரூட்டுல ஒரு ஸ்டாப்புக்கு எதிர் மாடிதான் அவர் வீடு. ஒரு நாளைக்கு ஆறு தடவை அந்த ஜன்னலைப் பாத்துக்கிட்டே போவேன். திரை மூடியே இருக்கும். என்னைத் தலைமுழுகிட்டார்னே நெனச்சேன். பாத்துக்கிட்டுதான் இருந்திருக்கார் மேடம்!”

எனக்குப் பாவமாவும் இருந்துது, கோபமாவும் வந்துது. இப்படியும் ஒரு வீம்பா? போனை எடுத்து அந்த வக்கீலைக் கூப்பிட்டேன். ஸ்பீக்கரையும் போட்டேன்.

“சார், உங்க புகாருக்கு நடவடிக்கை எடுத்தாச்சு. இனிமே அந்த டிரைவர் உங்க பக்கமே வரமாட்டார்.”

அந்தப் பக்கம் நாற்காலியை விலக்கிட்டு எழுந்துக்கற சத்தம் கேட்டுது.

“யாரைக் கேட்டு மாத்தினீங்க?” குரல் நடுங்குது. “அவனை மாத்துங்கன்னு ஒரு வரி எழுதியிருக்கேனா நான்?”

“பின்ன என்னதான் சார் வேணும் உங்களுக்கு?”

கொஞ்ச நேரம் இருமினார்.

“நேத்து ஒரு பொண்ணுக் குழந்தையை முன் சீட்டுல உக்காரவெச்சு நாள் பூரா ஓட்டியிருக்கான். ஆறு தடவை பஸ் வந்துது. கடைசி மூணு தடவையும் அது கம்பியில சாஞ்சு தூங்குது.”

டிரைவரை முறைச்சேன்.

“ஸ்கூல் லீவு நாள்ல வீட்டுல பாத்துக்க ஆளில்லை மேடம்,” கிசுகிசுத்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

“அது தப்புதான் சார். நல்லாக் கண்டிக்கிறேன்.”

“கண்டிக்கத்தான் வேணும். எதிர்லயே தாத்தா வீட்டை வெச்சுக்கிட்டு, எம்பேத்தி எதுக்கும்மா பஸ்ல தூங்கணும்?”