பேரில்லாத வயிறு

"கடைசி வரைக்கும் இந்த மனுஷர் என்னை நம்பப்போறதில்ல, மியோ" என்றாள் டாக்டர் சுகவாரா.

திசுவைச் சீவிக்கொண்டிருந்த டெக்னீஷியன் மியோ, கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்றாள்.

அந்த மனுஷர், அகிதா நகரத்து மருத்துவமனையில், சதையைச் சோதித்து நோயைச் சொல்லும் பேதாலஜி பிரிவின் தலைவர் குடோ. வயிறு, குடல் புற்றுநோய்களில் ஸ்டெம் செல்களைத் தேடியே தலை நரைத்தவர். மருந்தில் கட்டி கரைந்த பிறகும் ஏதோ ஒரு மூலையில் தூங்கிக் கிடந்து, பிறகு எழுந்து வந்து மறுபடி கட்டியாகும் செல்கள் அவை.

மார்ச்சில் அவருக்கு ஓய்வு. சுகவாராவைப் பற்றி அவர் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் அந்த நாற்காலி அவளுக்கு. சொல்லவில்லை. அவள் பார்த்துக் கையெழுத்திட்ட ஒவ்வொரு ஸ்லைடையும் மறுபடி தானே பார்ப்பார். பார்த்துவிட்டு, ஏமாந்தவர் போல "சரிதான்" என்பார்.

மதியம் யோகோத்தே ஊர் கிளினிக்கின் ஸ்லைடுகளை மியோ தட்டில் அடுக்கிக் கொண்டுவந்தாள். வயிற்றுக்குள் கேமரா விட்டுக் கிள்ளியெடுத்த சதைத்துணுக்குகள். அவற்றில் பேர் இருக்காது. எண், வயது, ஆணா பெண்ணா, அவ்வளவுதான். "பேரைப் பாத்தா கண்ணு பொய் சொல்லும்" என்று குடோ வைத்த விதி.

அவர் மேஜையில் புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாய் டப்பா இருந்தது. உப்பைக் குறைக்கச் சொல்லி ஊர் ஊராகப் பேசுகிறவருக்கு அது இல்லாமல் வேலை ஓடாது. இந்த வாரம் என்னவோ டப்பாவைத் திறக்கவேயில்லை.

ஒரு ஸ்லைடை எடுத்து எண்ணைப் பார்த்தார். மைக்ரோஸ்கோப்பில் வைக்காமல் சுகவாராவிடம் நீட்டினார்.

"இதை நீ பாரு."

அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"கேன்சர், சார்."

"அவசரப்படாத. அந்த ஆளுக்கு வயித்துல புண்ணு இருந்திருக்கும். புண்ணு ஆறும்போது புதுச் சதை வளக்க ஸ்டெம் செல்லுங்க துள்ளும். நல்ல செல்லே ரவுடி மாதிரி தெரியும். எத்தனை பேர் ஏமாந்திருக்காங்க தெரியுமா?"

"தெரியும். ஆறுற புண்ணுன்னா அடியில பெருகி, மேல வர வர அடங்கியிருக்கணும். இதுல அடியிலேர்ந்து மேல வரைக்கும் ஒரே மூஞ்சி. பக்கத்து நல்ல சதைக்கும் இதுக்கும் நடுவுல கோடு கிழிச்ச மாதிரி எல்லை."

"துணுக்கு ரொம்பச் சின்னது, டாக்டரம்மா."

"சின்னதுலயே இவ்வளவு தெரியுதே!"

"ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவை கிள்ளிப் பாக்கலாம்னு எழுதேன்."

மியோவின் கை நின்றது. இப்படி இழுக்கிற ஆள் இல்லை குடோ.

சுகவாரா எழுந்தே விட்டாள். "கேமரா படத்துல மேலாகத்தான் இருக்கு. இப்ப வெட்டி எடுத்தா பிழைச்சுப்பார். ஆறு மாசம் மாத்திரையை முழுங்கிட்டு வீட்ல உக்காரச் சொல்றீங்களா? முப்பது வருஷமா இந்த செல்லோட குடும்பம் நடத்திட்டீங்க, சார். பாசம் கண்ணை மறைக்குது. எனக்கு அதுங்க மேல பாசம் எதுவும் இல்ல."

குடோ ஜன்னலைப் பார்த்தார். வெளியே பனி தள்ளும் வண்டி போய்க்கொண்டிருந்தது.

"உங்க அப்பாவா இருந்தாலும் இதையேதான் எழுதுவியா?"

"எங்க அப்பாவா இருந்தா இந்நேரம் எழுதி அனுப்பியிருப்பேன். உங்ககூட மல்லுக்கு நின்னுட்டு இருக்க மாட்டேன்."

"சரி. எழுது."

"நீங்க பாக்கலையா?"

"வேண்டாம்."

"நான் பாத்த கொழுப்புக் கட்டியைக்கூட ரெண்டாவது தடவை பாப்பீங்க. இது ஒருத்தரோட உயிர் சார். ரிடையராகப் போறோம்னதும் அக்கறை போயிடுச்சா?"

"அப்படித்தான்னு வெச்சுக்கோ" என்று கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"பாத்தியா மியோ? இவரைப் போய் இத்தனை வருஷம் பெரிய மனுஷர்னு நினைச்சேன்" என்றபடி சுகவாரா தனியாகக் கையெழுத்திட்டாள்.

மறுநாள் காலை குடோ கையுறை போட்டு ஒரு குடல் துண்டை அறுத்துக்கொண்டிருந்தபோது அவருடைய செல்போன் அடித்தது.

"கை ஈரமா இருக்கு. ஸ்பீக்கர்ல போடு, மியோ."

"குடோ ஐயாவா? யோகோத்தே கிளினிக்லேர்ந்து பேசறேன். உங்க வயித்து ரிப்போர்ட் வந்துடுச்சு. ஆபரேஷன் விஷயமா டாக்டர் உங்களை நேர்ல வரச் சொல்றார்."

சுகவாரா மைக்ரோஸ்கோப்பிலிருந்து மெதுவாகத் தலையைத் தூக்கினாள்.

"வர்றேன்மா."

"பயப்படாதீங்க ஐயா. மனசு கேக்கலேன்னா இன்னொருத்தர்கிட்டயும் காட்டிக்கலாம். அகிதாவுல இதுக்குன்னே ஒரு பெரிய பேராசிரியர் இருக்காராம். அவருக்கும் உங்க பேருதான். அவர் சொன்னா தப்பாதாம்."

குடோ கத்தியைக் கீழே வைத்தார்.

"அவர் வேண்டாம்மா. நேத்து அவர் தப்பாத்தான் சொன்னார். சரியா சொன்னவங்க கையெழுத்துதான் அந்த ரிப்போர்ட்ல இருக்கு. ஏப்ரல்லேர்ந்து நீங்க அனுப்பறதெல்லாம் அவங்ககிட்டதான் வரும்."