கோட்டு போட்ட சாட்சி

நேற்று நடந்ததற்கு ஒரே சாட்சி, கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, கைமேல் வெள்ளைத் துண்டைத் தொங்கவிட்டபடி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும் முனிகிருஷ்ணன் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா ஷோபா நைனா, நின்னுட்ட? நட," என்று பின்னாலிருந்து தள்ளினாள் மனைவி கிருஷ்ணம்மா.

சுற்றுலாக் கப்பலின் மேல்மாடியில் இருந்த தனி ஓட்டல் அது. கோட்டும் டையுமாகப் போனால்தான் உள்ளே விடுவார்கள். முனிகிருஷ்ணன் போட்டிருந்தது மகள் ஷோபாவின் கல்யாண ரிசப்ஷனுக்குத் தைத்த கோட்டு. அன்றைக்கே அதில் பொத்தான் மாட்டவில்லை; இன்றைக்கு மூச்சும் விட முடியவில்லை.

உள்ளே போனதும் எல்லோரும் கிருஷ்ணம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அரக்குப் பட்டுப்புடவை, கல் கம்மல், தலையில் விரற்கடை உயரத்துக்கு முடி.

திருப்பதி ஆஸ்பத்திரியில் முனிகிருஷ்ணனின் நெஞ்சைப் பிளந்து தைத்தபோது அவள் வேண்டிக்கொண்டது அது. இவரை வீட்டில் சேர்த்த கையோடு மலைக்குப் போய், இடுப்பு வரை இருந்த கூந்தலைக் கொடுத்துவிட்டு வந்தாள். இவர் பங்குக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"என் தலையில பூ நிக்கிற வரைக்கும் நீ கவுச்சி தொடக் கூடாது. தொட்டா, சாமி குடுத்த உசிர திருப்பிக் கேட்டுடும்."

பூ நிற்க இன்னும் ஒரு வருஷமாவது ஆகும். இவருக்கு நேற்று வரைதான் பொறுமை இருந்தது.

நேற்று அவள் கப்பல் ஆட்டம் ஒத்துக்கொள்ளாமல் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு படுத்திருந்தாள். "சும்மா பாத்துட்டு வர்றேன்" என்று கோட்டை மாட்டிக்கொண்டு வந்தவர், உட்கார்ந்ததும் ஆட்டுக்கறி இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார். வாசலில் நின்ற அந்த இஸ்ரேல்தான் வெயிட்டர்; சித்தூர்ப் பையன். இவருடைய ரூம் அட்டையை வாங்கிப் பார்த்து, கொஞ்சம் யோசித்து, பிறகு சிரித்துக்கொண்டே உள்ளே போனான்.

கறி வாயில் வைத்ததும் கரைந்தது. எலும்பென்று பேருக்குக்கூட ஒரு துணுக்கு இல்லை. எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூர்க்காரருக்கே எலும்பு தட்டுப்படவில்லை என்றால் இது சீமை ஆடாகத்தான் இருக்கும் என்று தீர்மானித்து, இரண்டாவது தட்டும் வாங்கி வழித்துவிட்டார்.

ரூமுக்குத் திரும்பும்போதே நெஞ்சில் சுருக்கென்றது. அதிலிருந்து தையல் போட்ட இடத்தைத் தடவிக்கொண்டு, ஏழுமலையானிடம் தவணை கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

"வாங்கம்மா, வாங்க சார். நேத்து உக்காந்த எடமே தரட்டுமா?" என்றான் இஸ்ரேல்.

"நேத்து உக்காந்தியா நீ?" என்றாள் கிருஷ்ணம்மா.

"கால் வலிச்சுது. சூப்பு குடிச்சேன். தக்காளி சூப்பு."

இஸ்ரேல் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டான். அதுவே இவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

மேஜையில் தட்டுக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று கத்தியும் முள்கரண்டியுமாகப் பளபளத்தன. ஆபரேஷன் தியேட்டரில்கூட இவர் இத்தனை பார்த்ததில்லை. கிருஷ்ணம்மா மெனு அட்டையை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

"தம்பி, நேத்து இவருக்கு இன்னா குடுத்தியோ, அதையே எனுக்கும் கொண்டா."

"சூப்பு நல்லாவே இல்ல, கிருஷ்ணம்மா. ஒரே தண்ணி."

"பரவால்ல, நான் துன்னு பாக்கறேன். நீ ஏன் இப்படி வேர்த்துக்கினு இருக்கற?"

சூப்பைத் துன்னு பார்ப்பதாக அவள் சொன்னதைக் கவனிக்கும் நிலையில் இவர் இல்லை. அந்தப் பையனைக் கண்ணால் கெஞ்சினார், தலையை ஆட்டினார், மேஜைக்கடியில் கும்பிடக்கூடச் செய்தார். அவன் "சரிம்மா" என்று போய்விட்டான்.

தட்டு வந்தது. அதே கறி, அதே குழம்பு, அதே ஆவி. நெஞ்சு கோட்டுத் துணியை இடித்தது. சொன்னால் இவர் மாட்டுவார். சொல்லாவிட்டால் கூந்தலைக் கொடுத்தவளும் கவுச்சி தொட்டவளாவாள். அந்த முடி போனது சும்மா போனதாகிவிடும்.

கிருஷ்ணம்மா ஒரு துண்டைக் குத்தி வாய்க்குக் கொண்டுபோனாள். முனிகிருஷ்ணன் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வாணாம் கிருஷ்ணம்மா. அது ஆட்டுக்கறி. நேத்து நான் துன்னுட்டேன். ஒன்னு இல்ல, ரெண்டு தட்டு. சாமி கேட்டா என்னக் கேக்கட்டும், நீ தொடாத."

பக்கத்து மேஜையில் ஒரு வெள்ளைக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். இஸ்ரேல் கூரையில் தொங்கிய விளக்கை எண்ணுகிறவன்போல அண்ணாந்து நின்றான்.

கிருஷ்ணம்மா இவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். முந்தானையால் இவர் நெற்றி வேர்வையைத் துடைத்தாள். பிறகு அந்தத் துண்டை வாயில் போட்டு நிதானமாக மென்றாள்.

"சோயாய்யா இது. நம்ம ரூமுக்குக் கவுச்சி குடுக்கக் கூடாதுன்னு ஏறும்போதே சொல்லி வெச்சுட்டேன். உன்ன நம்பியா நான் கப்பல் ஏறுவேன்?"