காணாமல் போன காப்பர்

"என் மடியிலேயே கை வச்சுட்டான்! வந்து பாரு, உன் தம்பி லட்சணத்தை!"

கணவர் போட்ட சத்தத்தில், பட்டறைக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தாள் அவள்.

எரிந்துபோன மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கும் பட்டறை அது. பூட்டியிருந்த அலமாரியில் புதுக் காப்பர் கம்பி இருந்த இடம் காலி. சாவி இருப்பது இரண்டே பேரிடம். ஒருவர் முதலாளியான அவள் கணவர். இன்னொருவன் தலையைத் தொங்கப்போட்டு நின்றான்.

கூடப் பிறக்காவிட்டாலும் தம்பிதான் அவளுக்கு. வேலை கேட்டு வாசலில் நின்றவனை, "நல்ல பையனா தெரியுறான், சேர்த்துக்கோங்க" என்று சிபாரிசு செய்ததே அவள். சாவியை நம்பிக் கொடுக்கச் சொன்னதும் அவளே. இப்போது யார் முகத்தில் முழிப்பது?

"தொழில் கத்துக் கொடுத்தேன், தங்க இடம் கொடுத்தேன். சொந்தப் பிள்ளையா நினைச்சேன் சார்! விடமாட்டேன், போலீஸ்ல பிடிச்சுக் கொடுக்காம ஓயமாட்டேன்!"

முதலாளி முறையிட்டது ஆஸ்பத்திரி மேனேஜரிடம். ரிப்பேர் முடிந்த தண்ணீர் மோட்டாரை எடுத்துப்போக வந்த மனிதருக்கு, இலவசமாக ஒரு பஞ்சாயத்தும் கிடைத்தது.

"பார்த்தா பூனை மாதிரி இருக்கான். யாரைத்தான் நம்புறது, சொல்லுங்க?" என்று உச்சுக்கொட்டிவிட்டு, மோட்டாரை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

அத்தனை திட்டுக்கும் அவன் வாயைத் திறக்கவில்லை. அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

"எங்கடா வித்தே? சொல்லித் தொலை. உனக்காகப் பேசினதுக்கு நல்லா மூக்கை அறுத்துட்டே!"

"விக்கலக்கா."

"அப்போ காத்துல கரைஞ்சு போச்சா?"

வேன் தெருமுனை திரும்பும்வரை அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அவர் எதிர்ல சொன்னா முதலாளி மானம் போயிடும், அதான் பேசல."

முதலாளி அவசரமாகக் காலி அலமாரியைச் சாத்தினார்.

"கம்பி பூரா அந்த மோட்டாருக்குள்ளதான்கா இருக்கு. ஆஸ்பத்திரிக்காரர்கிட்ட காப்பருக்குக் காசு வாங்கிட்டு, என்னை மலிவு அலுமினியக் கம்பி சுத்தச் சொன்னாரு. நோயாளிங்க குடிக்கத் தண்ணி ஏத்துற மோட்டார்... எனக்குக் கை வரலக்கா."