சுரண்டிய எழுத்து

பூதக்கண்ணாடிக்கு அடியில் ஓர் எழுத்துகூட இல்லை.

கிணற்று மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டன்சரை மெக்கானிக் ரத்தினசாமி மெல்லத் திருப்பினார். கம்பெனியின் பெயரும் அளவும் இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் பிளேடுக் கீறல்கள்.

எதிரே ஸ்டூலில் நல்லேப்பிள்ளி ஊர்க்காரர் செங்கோட்டையன் அமர்ந்திருந்தார். ஐந்து நாள்களாக அவருடைய நாற்றங்காலுக்குத் தண்ணீர் இல்லை. கண்டன்சர் கெட்டுப்போக, சித்தூரில் ஒருவர் குத்துமதிப்பாக வேறொரு கண்டன்சரை மாட்டிவிட, மோட்டாரின் செம்புக்கம்பிக் காயில் புகைந்து கருகிவிட்டது. காயிலைப் புதிதாகச் சுற்றிக்கொண்டு, இன்று பழைய கண்டன்சரோடு கொல்லங்கோட்டுக்கு வந்திருக்கிறார்.

இன்னொரு முறை புகைந்தால், நாற்றை மாட்டுக்கு அறுத்துப் போட வேண்டியதுதான்.

“ஏனுங்க, அந்தக் கண்ணாடியில என்ற நாத்துந் தெரியுதுங்களா?”

ரத்தினசாமி சிரிக்க முயன்றார். வரவில்லை. ஸ்கேலை எடுத்து நீளத்தை அளந்தார். ஒரே நீளத்தில் பல அளவுகள் வரும் என்பது அவருக்குத் தெரியும். இருந்தும், நிமிர்ந்து பார்க்காமலிருக்க ஒரு வேலை வேண்டியிருந்தது.

கீறல்கள் அனைத்தும் இடப்புறமாகவே சாய்ந்திருந்தன.

அது இடக்கைக்காரரின் பிளேடு. ரத்தினசாமியின் பிளேடு.

எழுபத்து நான்காம் வருஷம், இந்த மோட்டார் அதன் பழைய சொந்தக்காரர் கருப்புசாமியின் தோட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது, கண்டன்சரை மாற்றியவர் ரத்தினசாமிதான். கருப்புசாமி எழுத்தைப் படித்துவிட்டு அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடக் கூடாதென்று, மாட்டுவதற்கு முன்பே சுரண்டிவிட்டார். தொழிலில் பலரும் செய்வதுதான். மோட்டார் கைமாறும் என்று அன்று அவர் நினைக்கவில்லை.

சொல்லிவிடலாம். வாய்வரை வந்துவிட்டது.

“எவனோ மனசாட்சியில்லாம சுரண்டிப் போட்டானுங்க” என்றார்.

செங்கோட்டையன் கண்ணாடியைப் பிடித்திருந்த இடக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். குரலில் கோபமே இல்லை.

“மாட்டுனது நீங்கதான்னு நேத்துத்தானுங்க கருப்புசாமி சொன்னாரு. சுரண்டுனவருக்காச்சும் அளவு ஞாபகமிருக்குமேன்னு பஸ் ஏறுனேன்.”

ரத்தினசாமி எழுந்து அலமாரியைத் திறந்தார்.

ஒரே நீளத்தில், வெவ்வேறு அளவுகளில் ஐந்து கண்டன்சர்கள். ஐந்திலும் எழுத்து பளிச்சென்று இருந்தது.

அன்று எதை எடுத்தோம் என்பது அவருக்கு நினைவில் இல்லை.