சௌந்தரிக் காடை

பஞ்சடைத்த செம்மார்புக் காடை ஒரு இழுப்பறையில் இருந்தது, கருமார்புக் காடை இன்னொன்றில். ஒரே காட்டில் பிடிபட்டாலும் இரண்டும் வெவ்வேறு இனம் என்று அருங்காட்சியகத்தில் அடித்துச் சொன்னவள் பறவை ஆய்வாளர் ஞானசௌந்தரிதான். செம்மார்பின் கூவல் ஏறிக்கொண்டே போய் நிற்கும். கருமார்பின் கூவல் உயரத்தில் தொடங்கி இறங்கி வரும். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று கேட்டாள். கருமார்புக்கு அவள் பெயரையே வைத்தார்கள். இன்று விடியலில் காட்டுக்குள், விழுந்துகிடந்த மரத்தின் மேல் இரண்டும் ஒட்டி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். செம்மார்பு ஏறிப்போய் நிறுத்திய இடத்தில் கருமார்பு எடுத்துக்கொண்டு இறங்கியது. பாட்டு ஒன்றுதான், ஆளுக்குப் பாதி. இரண்டின் காலடியிலும் குஞ்சுகள் புகுந்து புகுந்து ஓடின. ஆணையும் பெண்ணையும் இரண்டு இனமாகப் பிரித்து வைத்திருக்கிறாள்! சேற்றுச் செருப்போடு நேராக அருங்காட்சியகத்துக்கு வந்தவள், கருமார்பை எடுத்துச் செம்மார்பின் பக்கத்தில் கிடத்தினாள்.

"மேடம், உங்க பேர்ல இருக்கறது அது ஒண்ணுதான்," என்றார், பறவைகளுக்குப் பஞ்சடைக்கும் இஸ்மாயில். "விட்டுடுங்களேன், யாருக்குத் தெரியப்போவுது?"

"இதுங்களுக்குத் தெரியுமே," என்றாள். கருமார்பின் காலில் கட்டியிருந்த தன் பெயர்ச்சீட்டை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு இழுப்பறையைத் தள்ளி மூடினாள்.

அவள் வாசலை எட்டும்போது, மூடிய இழுப்பறைக்குள்ளிருந்து ஒரு கூவல் ஏறிக்கொண்டே போய் நின்றது. இஸ்மாயிலின் கையிலிருந்து சாவிக்கொத்து நழுவியது. ஞானசௌந்தரி திரும்பவில்லை. அடுத்த பாதிக்காகத் தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டாள்.